கடைசி மடிப்பு

இருட்டிய பிறகு ஒரு வீட்டுக்குள்ளிருந்து போலீஸ் விசில் சத்தம் வந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? திருடன் என்றுதானே? கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் சந்தானம் சாரும் அப்படித்தான் நினைத்தார். கரண்ட் வேறு இல்லை. ஒரு கையில் டார்ச், ஒரு கையில் குடையோடு மாடியேறி ஓடி வந்தார். பின்னாலேயே அவர் சம்சாரம், மிளகாய்த்தூள் டப்பாவோடு. விசில் நிற்கவே இல்லை. சத்தம் வந்தது எங்கள் பாத்ரூமிலிருந்து. ஊதியது என் மகள். யாரைப் பார்த்து ஊதினாள் தெரியுமா? என்னைப் பார்த்து. பெற்ற தாயைப் பார்த்து ஊதினாள்.

அந்தக் கோடைப் பயிற்சியில் அவள் கற்றுக்கொண்டு வந்த முதல் பாடம் அதுதான். உங்கள் பையனைச் சேர்ப்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், இதில் உட்காருங்கள், காற்று வரும். காபி எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை போட்டுக் கலக்கிவிட்டேன். ஓ, நீங்கள் சர்க்கரை சேர்ப்பதில்லையா? பரவாயில்லை, ஒரு நாள்தானே, குடியுங்கள்.

பெற்றோர் குரூப்பில் என் நம்பரைப் பார்த்து நீங்கள் கூப்பிட்டபோதே எனக்குச் சந்தோஷம். ஒருத்தியாவது சேர்ப்பதற்கு முன்னால் விசாரிக்கிறாளே என்று. நான் யாரையும் கேட்காமல் சேர்த்தேன்.

அதோ டிவிக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் ஆக்ஸிலியா. ஆக்ஸி, ஆன்ட்டிக்கு வணக்கம் சொல்லு. வண... சொல்லிவிட்டாள், உங்களுக்குக் கேட்டிருக்காது. பதினேழு முடிந்துவிட்டது. ஆமாம், என்னைப் பார்த்தால் அவ்வளவு பெரிய பெண்ணுக்கு அம்மா மாதிரி தெரியவில்லை என்று எல்லோரும்தான் சொல்வார்கள். பி.ஏ. முதல் வருஷத்திலேயே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் இவள். இவள் பிறந்ததும் நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள், டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். என்னை யாரும் பார்க்கவில்லை. அன்றையிலிருந்து இவளுக்கு எல்லாம் நான்தான். பல் விளக்கிவிடுவது, குளிப்பாட்டுவது, சோற்றைப் பிசைந்து கொடுப்பது, எல்லாம்.

இல்லை இல்லை, அவள் எதிரிலேயே பேசலாம். அவளுக்கு இதெல்லாம் புரியாது.

விசிலுக்கு வருகிறேன். ஆக்ஸியின் சிறப்புப் பள்ளியில் மெஹருன்னிசா மிஸ் என்று ஒருவர், அவர்தான் இந்தப் பயிற்சியை நடத்துகிறார். எல்லோரும் மெஹர் மிஸ் என்போம். நல்லவர்தான், நான் குறை சொல்லவில்லை. லீவில் பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்க வேண்டாம், படிப்பும் மறக்காது, ஒரு வேலைக்குத் தயாரான மாதிரியும் இருக்கும் என்றார். பிள்ளைகள் பஸ்ஸில் வரப் போகப் பழக வேண்டுமாம். யாராவது தப்பாகத் தொட்டால் இவர்களுக்குக் கத்த வராது. அதனால் பெண் பிள்ளைகள் எல்லோர் கழுத்திலும் ஒரு விசில். "டிரெஸ் மறைக்கிற எடத்துல யாரு தொட்டாலும் ஊது. யாரு பார்த்தாலும் ஊது." இப்படிச் சொல்லிக்கொடுத்தால்? யாரு என்றால் அதில் அம்மாவுமா சேர்த்தி? இதை விளக்க வேண்டாமா?

அன்றைக்கு ராத்திரி புழுக்கம் தாங்காமல் இவளுக்கு ஒரு குளியல் போட்டுவிடலாம் என்று செல்போன் லைட்டைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குள் நுழைகிறேன். உள்ளே இவள் ஏற்கெனவே கையில் மக்கோடு நிற்கிறாள். என்னைப் பார்த்ததும் விசிலை எடுத்து வாயில் வைத்தாள் பாருங்கள். சந்தானம் சார் வாசலில் நின்று "யாருங்க? யாருங்க?" என்கிறார். நான் என்ன பதில் சொல்வேன்? நான்தான் சார், அந்தத் திருடன் நான்தான் என்றா?

மறுநாள் மிஸ்ஸிடம் போய்ச் சண்டை போட்டேன். மிஸ் சிரிக்கிறார். "கரெக்டாத்தானேம்மா ஊதியிருக்கா? நீங்க கதவைத் தட்டினீங்களா?" என்கிறார். என் பெண் குளிக்கிற இடத்துக்கு நான் கதவைத் தட்டிவிட்டுப் போக வேண்டுமாம்! விசிலைக் கழற்றி பீரோவில் போட்டுப் பூட்டினேன். அதோடு அந்தக் கதை முடிந்தது.

அடுத்தது பஸ். முதல் வாரம் மிஸ் கூடவே வந்து பழக்கினார். இரண்டாவது வாரம் தனியாக வரட்டும் என்றார். தனியாக! டவுன் பஸ்ஸில்! பேப்பரில் என்னென்ன வருகிறது, நீங்களும் படிக்கிறீர்கள்தானே? நான் விடுவேனா. அவளை முன்பக்கம் ஏற்றிவிட்டு, துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு நான் பின்பக்கம் ஏறிவிட்டேன். நமக்கெல்லாம் டிக்கெட் இலவசம், இறங்குகிற இடத்தை மட்டும் சொன்னால் போதும். கண்டக்டர் வந்தார். "எங்கம்மா போகணும்?" இவள் வாயைத் திறந்தாள். தி... தி... என்கிறாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. ஒருத்தி உச்சுக் கொட்டுகிறாள். நான் பின்னாலிருந்து கத்திவிட்டேன், "தில்லை நகர்! தில்லை நகர் ஒண்ணு!" என்று.

கண்டக்டர் என்னிடம் வந்தார். "நீங்க யாரும்மா?"

"அவ அம்மா."

"அப்ப பக்கத்துலயே நிக்க வேண்டியதுதானே. எதுக்கு முகமூடிக் கொள்ளைக்காரி மாதிரி பின்னாடி பதுங்கியிருக்கீங்க?"

பஸ்ஸே சிரித்தது. ஆக்ஸி மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு வேடிக்கை பார்க்கப் பிடிக்கும்.

அதற்கும் மிஸ் என்னைத்தான் சொன்னார். "அவ சொல்லியிருப்பாம்மா. கொஞ்சம் நேரமாகும், அவ்ளோதான்." கொஞ்சம் நேரமாகுமாம். அந்தக் கொஞ்ச நேரத்தில் எத்தனை பேர் எத்தனை விதமாகப் பார்ப்பார்கள் என்று மிஸ்ஸுக்கு என்ன தெரியும்? அவர் பிள்ளைகள் இரண்டும் நன்றாக இருக்கிறார்கள். ஒன்று இன்ஜினியரிங், ஒன்று பிளஸ் டூ. இப்படிப்பட்டவர்கள்தான் நமக்கு தைரியம் சொல்ல வருகிறார்கள்.

உங்கள் பையனுக்குப் பேச்சு எப்படி? கொஞ்சம் கொஞ்சம்... ஆமாம், புரிகிறது, நீங்கள்தான் அவனுக்காகப் பேச வேண்டியிருக்கும். இல்லையா? அவனே கடைக்குப் போவானா? சரி, இருக்கும்.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். அந்தப் பெட்டி.

எங்கள் ஊரில் இப்போது எந்த விசேஷத்துக்கும் ஸ்நாக்ஸ் பெட்டிதான். நிச்சயதார்த்தம், வளைகாப்பு, புதுமனை, எல்லாவற்றுக்கும். ஒரு ஸ்வீட், ஒரு மிக்சர் பாக்கெட், ஒரு துண்டு கேக், ஒரு டிஷ்யூ. பெரிய கடைவீதியில் ஒரு பேக்கரி இருக்கிறது, அவர்களுக்குப் பெட்டி மடித்து நிரப்பி மூடி அடுக்க ஆள் வேண்டுமாம். நம் பிள்ளைகளில் ஒருத்தரை எடுத்துக்கொள்கிறோம், நன்றாகச் செய்தால் நிரந்தரம், சம்பளம் எல்லாம் உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். பள்ளியில் எல்லா அம்மாக்களுக்கும் அந்த ஒரு இடத்தின் மேல்தான் கண். ஆக்ஸிக்கும் அந்தக் கடையின் நீலத் தொப்பியின் மேல் கண். வீட்டில் என் ஷவர் கேப்பை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பாள்.

பள்ளியில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கு ஒரு மடிப்பு. ஒருத்தி பக்கங்களை நிமிர்த்துவாள், அடுத்தவன் மூலையைச் செருகுவான், அப்படியே நகரும். முழுப் பெட்டியையும் ஒரே ஆளாகச் செய்வதை வீட்டில் பழக வேண்டும் என்று ஆளுக்கொரு கட்டு அட்டை கொடுத்துவிட்டார்கள். இங்கேதான், இந்த ஹாலில்தான் உட்காருவோம். ஸ்வீட்டுக்குப் பதில் துணி கிளிப், கேக்குக்குப் பதில் சோப்புக் கட்டி. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அவள் அழகாகச் செய்வாள். பக்கத்தை நிமிர்த்துவாள், மூலையைச் செருகுவாள், கிளிப், சோப்பு, டிஷ்யூ. மூடியைக் கவிழ்ப்பாள். அவ்வளவு நேரமும் நாக்கைத் துருத்திக்கொண்டிருப்பாள், அவ்வளவு கவனம்.

கடைசி மடிப்பு ஒன்றுதான். மூடியின் ஓரத்தில் சின்னதாக ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், அதை முன்பக்கத்து வெட்டுக்குள் செருக வேண்டும். இவள் விரல்களைப் பாருங்கள், குட்டை குட்டையாக. செருகும்போது அட்டை மடங்கிவிடும். ஒரு பெட்டி கிழிந்தும் போனது. எனக்கு மனசு கேட்கவில்லை. "கொடும்மா" என்று வாங்கி நான் செருகிவிடுவேன்.

நான் கான்வென்டில் படித்தவள். எங்களுக்கு எம்ப்ராய்டரி எடுத்த சிஸ்டர் துணியின் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார், திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். முடிச்சு சரியில்லை என்றால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டியதுதான். ஃபினிஷிங், ஃபினிஷிங் என்று உயிரை எடுப்பார். அது என் ரத்தத்தில் ஊறிவிட்டது. எதையும் அரைகுறையாக என்னால் வெளியே அனுப்ப முடியாது.

கொஞ்ச நாளில் எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது. இவள் மூடியைக் கவிழ்த்து அப்படியே வலது பக்கம் நீட்டுவாள். நான் வாங்கிச் செருகி அடுக்குவேன். நீட்டுவாள், செருகுவேன். என் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம், கை தானாக வரும். ஒரு நாள் எட்வின் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எட்வின் என் வீட்டுக்காரர், பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பேச்சு ரொம்பக் குறைவு. "அதையும் அவளே போடட்டுமே" என்றார். "நீங்க சும்மா இருங்க" என்றேன். பிள்ளை வளர்ப்பதில் அவருக்கு என்ன தெரியும்?

எங்கள் பெட்டிகளைப் பார்த்துவிட்டு மெஹர் மிஸ் அசந்துபோனார். "ஆக்ஸி, நீயாடா செஞ்ச? சூப்பர்!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். மற்ற பிள்ளைகளின் பெட்டி எல்லாம் கோணலும் மாணலும். விமல் என்று ஒரு பையன், அவன் பெட்டியைப் பார்த்தால் யாரோ மிதித்த மாதிரி இருக்கும். அவன் அம்மா மட்டும் பெருமையாக "எல்லாம் அவனே செஞ்சது மிஸ்" என்றாள். அவனே செய்தது என்று பார்த்தாலே தெரிகிறதே, சொல்ல வேறு வேண்டுமா! பேக்கரிக்கு ஆக்ஸியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தக் காலையைச் சொல்கிறேன், கேளுங்கள். நீல ஏப்ரன், நீலத் தொப்பி. எட்வின் லீவு போட்டுவிட்டு வந்து போட்டோ எடுத்தார். அம்மாக்கள் உள்ளே வரக் கூடாது என்றார்கள். நான் கடைப் பக்கமாகப் போய் ஒரு பன் வாங்கிக்கொண்டு, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். கல்யாண ஆர்டராம், மேஜை முழுக்க அட்டை.

ஆரம்பித்தாள். பக்கம், மூலை, ஸ்வீட், மிக்சர், கேக், டிஷ்யூ. ஒரு தப்பு இல்லை. மூடியைக் கவிழ்த்தாள். அப்புறம் வலது பக்கம் நீட்டினாள்.

அங்கே யாரும் இல்லை.

நீட்டிய கை அப்படியே இருக்கிறது. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதையும் நீட்டினாள், காத்திருந்தாள், வைத்தாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் பாவம் என்று ஒன்றை வாங்கி மூடிவிட்டாள். இவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு! அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அந்தப் பெண்ணிடமே நீட்டினாள். அவளுக்கும் வேலை இருக்கிறதே. "ஏய், ஒன்னோடத நீயே மூடு!" என்று கத்திவிட்டாள். நான் கண்ணாடியைத் தட்டினேன், உள்ளே கேட்கவில்லை. மேஜை முழுக்கப் பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. கேக் காய்கிறது, ஈ மொய்க்கிறது.

பேக்கிங் பொறுப்பில் இருந்த அமுதவல்லி என்கிற அம்மாள் ஆக்ஸியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். கோபப்படவில்லை, அதையும் சொல்ல வேண்டும். "நல்ல புள்ளதாம்மா. கை சுத்தமா இருக்கு. ஆனா தெறந்த பொட்டிய நான் எப்படி அடுக்கறது? மூடறதுக்குன்னு இன்னொரு ஆள் போட முடியுமா?"

பார்த்தீர்களா? அத்தனை வாரம் பயிற்சி என்று கூப்பிட்டு, அந்தக் கடைசி மடிப்பை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு வந்ததே கோபம். அந்த வாசலிலேயே, கூட வந்திருந்த மெஹர் மிஸ்ஸைக் கேட்டுவிட்டேன். "என்ன மிஸ் சொல்லிக்கொடுத்தீங்க? என் பொண்ண இப்படி நாலு பேர் முன்னாடி கையை நீட்டிக்கிட்டு நிக்க வெச்சுட்டீங்களே!"

மிஸ் ஆக்ஸியைப் பார்த்தார். இவள் வெறும் கையை வலது பக்கம் நீட்டி நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் மிஸ் என்னைப் பார்த்தார். "வீட்ல கடைசி மடிப்பை யாரும்மா போட்டது?"

"நான்தான் போட்டேன், வேற யாரு போடுவா?"

மிஸ் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பதில் சொல்ல முடியவில்லை பாருங்கள். தப்பு அவர் மேல்தானே.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது நான் ஆக்ஸிக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன், எட்வின் என் கையிலிருந்து தட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவள் பாதிச் சோற்றைத் தரையில் கொட்டினாள். யார் துடைத்தது? நான்தானே துடைத்தேன்.

மிஸ் அமுதவல்லி அம்மாளிடம் கெஞ்சிக் கேட்டு இன்னொரு வாய்ப்பு வாங்கியிருக்கிறார். நாளைக்குக் காலையில். புதுசாக ஒரு கட்டு அட்டை கொடுத்தனுப்பி, "ஆக்ஸி மட்டும் பழகட்டும். நீங்க அந்த ரூம்லயே இருக்காதீங்கம்மா. கிழிஞ்சா கிழியட்டும்" என்றார். நான் இல்லாமல் இவள் என்ன பழகுவாள்? நானும் உட்கார்ந்தேன். இவள் நீட்டவே இல்லை. மூடியைக் கவிழ்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டு மறைக்கிறாள். என்னிடமிருந்து மறைக்கிறாள்! நான் பிடுங்க, அவள் இழுக்க, பெட்டி இரண்டாகப் போனது. அன்றைக்கே கட்டை எடுத்துப் பரணில் போட்டேன். அதை எட்வின் இறக்கி டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார், அதோ. இன்று மத்தியானம் மிஸ்ஸுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். "நாளைக்கு அவ வரமாட்டா. அந்த விமலை அனுப்பிக்கோங்க." 

மிஸ் கேட்கிறார், "ஆக்ஸிகிட்ட கேட்டீங்களா?" என்று.

அவளிடம் என்ன கேட்பது? அவள் மனசில் இருப்பது எனக்குத் தெரியாதா? இன்னொரு முறை அவளை அப்படிக் கையை நீட்டிக்கொண்டு நிற்க வைக்க மாட்டேன். என் உயிர் இருக்கிறவரை அவள் எந்தப் பெட்டியையும் மூட வேண்டாம். அதற்கப்புறமா? ஏன் அதைக் கேட்கிறீர்கள்? எல்லோரும் ஏன் அதையே கேட்கிறீர்கள்? ராத்திரியெல்லாம் நான் அதைத்தான் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன், நீங்கள் வேறு வந்து கேட்க வேண்டுமா?

மன்னித்துக்கொள்ளுங்கள். காபி ஆறிவிட்டதா, சுட வைத்துத் தருகிறேன்.

ஆக்ஸி, எங்கே எழுந்திருக்கிறாய்? டிவியை ஏன் நிறுத்தினாய்? அந்த அட்டைக் கட்டை வை கீழே. வை. நாளைக்குப் போகவில்லை என்று அம்மா சொல்லியாயிற்று. என்ன? நா... நான் தூங்கப் போகிறேன் என்கிறாள். இல்லையா? நா... நானே... நானே என்ன? நானே என்று சொல்கிறாள், பாருங்கள், பாதியில் நிற்கும் அவள் பேச்சு. இன்னும் ஏதோ சொல்ல வருகிறாள்.

கட்டோடு ரூமுக்குள் போய்விட்டாள். கதவைச் சாத்திக்கொள்கிறாள், புதுப் பழக்கம். நீங்கள் உட்காருங்கள், ஒன்றுமில்லை. சும்மா சாத்தியிருக்கிறாள். எட்வின் போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், சாப்பிடக்கூட இல்லை, அந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் அடித்தார். "வயசுப் புள்ளைக்கு ஒரு தாப்பா வேணாமா?" என்றார். நான் சிரித்தேன். புதுத் தாழ்ப்பாள், இறுக்கம். எனக்கே இரண்டு கையால் தள்ள வேண்டியிருக்கிறது. இவள் எங்கே போட? இத்தனை நாளும் தினமும் முயற்சி செய்கிறாள், பாதிவரைக்கும் போகும், அப்புறம் நின்றுவிடும்.

கேட்கிறதா? தள்ளுகிறாள். முடியாது பாருங்கள். திரும்பவும் இழுத்துத் தள்ளுகிறாள். விரல் நசுங்கிவிடப் போகிறது, இருங்கள் வருகிறேன். ஆக்ஸி, விடு. ஒன்னால முடியாதுடா, கையை எடு. அம்மா வந்துட்டேன், இரு, அம்மா போட்டு விடறேன், அம்மா போட்டு...

தாழ்ப்பாள் விழுந்துவிட்டது.